ஆலைக் கணினியைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். நெல் தந்த விவசாயிகளின் கணக்கு முழுவதும் ஒரே கணினியில்தான். திங்கள் காலை பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பிட்காயினில் காசு கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அதே கதி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போடலாம் என்கிறார் கல்முனையில் கணினி திருத்தும் தம்பி. கட்டுவதா, அழிப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரரே. முதலில் இணைய வயரைக் கழற்றி வைஃபையையும் நிறுத்துங்கள்.

வந்திருப்பது ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீய மென்பொருள். காசு கட்டிய எல்லோருக்கும் சாவி கிடைப்பதில்லை; கிடைத்தாலும் சில ஃபைல்கள் பழுதாகியே வரும். ஆனால் சில வகைகளுக்குத் திறக்கும் கருவி இலவசமாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸாரும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் அந்தக் குறிப்பையும் பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் ஏற்றிப் பாருங்கள். விவசாயிகளின் விவரம் இல்லாத ஃபைலாக இருக்கட்டும். இன்று கருவி இல்லாவிட்டாலும் பிறகு வரக்கூடும். அதனால் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, புது டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள்.

பேக்கப் போனதற்குக் காரணம், அது எந்நேரமும் கணினியில் செருகியே இருந்ததுதான் என்று நினைக்கிறேன். கணினிக்கு எட்டுவதெல்லாம் ரேன்சம்வேருக்கும் எட்டும். 2023 ஆகஸ்டில் நம் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவைக்கே இது நடந்தது. இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. இனி இரண்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றி எடுங்கள், எடுத்ததும் கழற்றுங்கள், ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

எப்படி நுழைந்தார்கள்? மென்பொருள் திருத்துபவர் தூரத்திலிருந்து உங்கள் கணினிக்குள் வந்து வேலை செய்வதுண்டா? அதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவிட்டு, ஆலையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தால் அந்த வழிதான் என் முதல் சந்தேகம். புது விண்டோஸில் அதை மூடியே வையுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அந்தக் கணக்கில் விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் இருக்குமே. பல கும்பல்கள் பூட்டுவதற்கு முன் நகல் எடுத்துவிடுகின்றன. வெட்கப்படாமல் விவசாயிகளிடம் சொல்லிவிடுங்கள்: வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைக் கொடுக்கக் கூடாது.

இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்து, பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி இது குற்றம். அப்புறம், நெல் எடை போட்ட துண்டுகள், வங்கிக் கூற்று, கணக்குப்பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். இந்தப் போகத்துக் கணக்கில் பெரும்பகுதியை அவற்றிலிருந்தே திரும்ப எழுதிவிடலாம்.