மீன்தொட்டிக் கண்ணாடி வழியாக மீன்களைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

படத்தில் மீனைவிட அறை விளக்கும் உங்கள் நிழலுருவும்தான் அதிகம் தெரிகின்றன என்றால், முதலில் அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் தொட்டியின் மேல்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். கண்ணாடியை இருபுறமும் துடைத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் மிக முக்கியம், பலரும் கவனிக்காததும்கூட: லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக, ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் நீர், கண்ணாடி, காற்று மூன்றிலும் ஒளி வெவ்வேறு அளவில் விலகிப் படம் கலங்கும்; ஓரங்களில் நிறம் பிரியும். லென்ஸின் முனையில் ரப்பர் ஹூட் (ரப்பராலான மறைப்பு வளையம்) மாட்டினால் பிரதிபலிப்பும் நுழையாது, கீறலும் விழாது.

நீந்தும் மீனுக்கு ஷட்டர் வேகம் 1/200 நொடியாவது வேண்டும்; அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) உயர்த்தத் தயங்காதீர்கள். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், தவிர்த்துவிடுங்கள். ஃபோகஸ் மீனின் கண்ணில் இருக்கட்டும். கண்ணாடியைத் தட்டி மட்டும் அழைக்காதீர்கள், பாவம், மிரண்டுவிடும்.