நன்னடத்தைக் கண்காணிப்பால் உண்மையிலேயே செலவு குறைகிறதா?

கேள்வி: நன்னடத்தைக் கண்காணிப்பிலும் பரோலிலும் இருப்பவர்களை மேற்பார்வையிடும் திட்டங்கள் நல்ல பலன் தருகின்றன, சிறைச் செலவையும் மிச்சப்படுத்துகின்றன என்று அறிக்கைகள் சொல்கின்றன. இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? நம்பலாமா?

நம்பலாம், அடிக்குறிப்புகளையும் படித்த பிறகு. இப்படிப்பட்ட திட்டங்களின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் சதவீதத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். (நன்னடத்தைக் கண்காணிப்பு என்பது, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு வெளியே விட்டு அலுவலர் ஒருவர் மேற்பார்வையிடுவது. பரோல் என்று இங்கே சொல்வது, தண்டனை முடியும் முன்பே கண்காணிப்பின் கீழ் வெளியே விடுவதை, சில நாள் விடுப்பை அல்ல.)

முதலில் பார்க்க வேண்டியது, எதைத் ‘தோல்வி’ என்று எண்ணியிருக்கிறார்கள் என்பது. கண்காணிப்பில் இருப்பவர் மறுபடி சிறைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிதாகக் குற்றம் செய்து பிடிபடுவது. மற்றொன்று, நிபந்தனையை மீறுவது: குறித்த நாளில் அலுவலர் முன் ஆஜராகாதது, சொல்லாமல் வீடு மாறியது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தெரிந்தது. ஒரு கோப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மனிதருக்குக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை. அலுவலரைச் சந்திக்க வேண்டிய நேரமோ காலை, ஷிப்ட் முடியும் அதே வேளை. தொடர்ந்து தவறவிட்டார், கண்காணிப்பு ரத்தானது. வேலை இருந்தது, புதிய வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆண்டறிக்கையில் அவரும் வழிப்பறி செய்தவரும் ஒரே கட்டத்தில், ‘சிறைக்குத் திரும்பியோர்’ என்று.

முதல் வகைத் தோல்வி பெரும்பாலும் அந்த ஆளைப் பொறுத்தது. இரண்டாவது வகை, அலுவலர் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார், எவ்வளவு கறாராக நடந்துகொள்கிறார் என்பதையும் பொறுத்தது. இதை அப்பட்டமாகக் காட்டியது அமெரிக்காவில் ரேண்ட் என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காக ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் செய்த ஆய்வு. 14 இடங்களில் குற்றவாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தீவிரக் கண்காணிப்பிலும் மறு பாதியைப் பெரும்பாலும் வழக்கமான கண்காணிப்பிலும் வைத்தார்கள். முடிவுகள் 1993இல் வெளிவந்தன. ஓராண்டில் மறுபடி கைதானவர்கள் தீவிரக் கண்காணிப்பில் 37 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. நிபந்தனை மீறலில்தான் இடைவெளி: 65 சதவீதம், 38 சதவீதம். அதிகம் பார்த்தார்கள், அதிகம் கண்டுபிடித்தார்கள். சிறை நெரிசலைக் குறைக்கும் என்று கொண்டுவந்த திட்டம் சிறைக்கு ஆள் அனுப்பியது, செலவும் ஏறியது.

அடுத்தது, எந்தக் குழுவோடு ஒப்பிட்டார்கள்? தானாக முன்வந்து சேர்ந்தவர்களை மறுத்தவர்களோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் ஜெயிக்கும். குலுக்கல் முறை இருந்தாலும் ஓர் ஊரின் வெற்றி இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஹவாயில் 2004இல் தொடங்கிய ‘ஹோப்’ திட்டம், மீறினால் உடனே, தவறாமல், ஆனால் சில நாள் மட்டுமே சிறை என்ற முறையால் புகழ்பெற்றது. 2009இல் வெளியான ஆய்வில், அதில் இருந்தவர்கள் மறுபடி கைதாவது 55 சதவீதம் குறைவு என்றார்கள். அதே முறையை வேறு நான்கு மாநிலங்களில் சோதித்த முடிவு 2016இல் வந்தபோது, மறுகுற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் கதை வேறு விதம். 2014இல் அங்கே கண்காணிப்புப் பணியின் பெரும்பகுதியை 21 நிறுவனங்களிடம் ஒப்படைத்து, பலனுக்கேற்பக் கட்டணம் என்றார்கள். மறுகுற்றம் செய்தவர்களின் விகிதம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அப்படிச் செய்த ஒவ்வொருவரின் சராசரிக் குற்ற எண்ணிக்கை கூடியது. எதை மட்டும் எடுத்துச் சொன்னால் வெற்றி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஓராண்டு பின்தொடர்ந்து, தீர்ப்புகள் வர இன்னும் 6 மாதம் காத்திருந்தால்தான் எண்ணே கிடைக்கும் என்பது தனித் தொல்லை. அந்த ஏற்பாடு 2021இல் முடிவுக்கு வந்தது.

இனி பணம். வழக்கமான கணக்கு இப்படி இருக்கும்: சிறையில் ஓர் ஆளுக்கு ஆண்டுச் செலவு இவ்வளவு, கண்காணிப்பில் அதில் சிறு பங்கு, கழித்து, ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மிச்சம். பார்க்க அழகாக இருக்கும், கஜானாவுக்கு வந்து சேராது. ஒரு கைதி குறைந்தால் உண்மையில் குறைவது சாப்பாடு, உடுப்பு, மருந்து போன்றவைதான். காவலர் சம்பளமும் கட்டடப் பராமரிப்பும் அப்படியே நிற்கும். ஒரு பிளாக் முழுவதும் காலியாகி, அதைப் பூட்டி, பணியிடங்களையும் குறைத்தால்தான் பெரிய தொகை கையில் வரும். வாஷிங்டன் மாநிலப் பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனம் இதைக் கவனித்தே கணக்கிடுகிறது: சராசரிச் செலவை எடுக்காமல், ஓர் ஆள் கூடினாலோ குறைந்தாலோ மாறும் செலவை எடுக்கிறது, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பையும் சேர்க்கிறது. இன்னொரு ஓட்டையும் உண்டு. எப்படியும் சிறைக்குப் போயிருக்காதவரைக் கண்காணிப்பில் சேர்த்துவிட்டு ‘சிறைச் செலவு மிச்சம்’ என்று எழுதுவது. அது மிச்சமே அல்ல, புதுச் செலவு.

மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். கண்காணிப்புச் செலவு மாவட்டத்துக்கு, சிறைச் செலவு மாநிலத்துக்கு என்றிருந்தால் மாவட்டம் எதற்காக மெனக்கெட வேண்டும்? கலிபோர்னியா 2009இல் கொண்டுவந்த சட்டம், சிறைக்கு அனுப்புவது குறைவதால் மாநிலத்துக்கு மிஞ்சும் தொகையில் 40 அல்லது 45 சதவீதத்தை மாவட்டங்களுக்கே கொடுத்தது. சிறைக்குத் திரும்புவோர் எண்ணிக்கை விரைவிலேயே இறங்கியது. இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: மீறலைப் பார்த்தும் எழுதாமல் விட்டாலே மாவட்டத்துக்கு வரவு. எனவே இப்படிப்பட்ட அறிக்கையைப் படிக்கும்போது, சிறைக்குத் திரும்பியோர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் புதிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோர் எண்ணிக்கையையும் தேடி எடுத்து வையுங்கள். இரண்டாவது ஏறாமல் முதலாவது இறங்கியிருந்தால், அந்த மிச்சத்தை நான் ஒப்புக்கொள்வேன்.