மேலிருந்து பார்க்க வேண்டிய ஊர்கள்

வணக்கம். வரும் அக்டோபரில் அம்மாவுடன் ஸ்பெயின் போகிறேன். கிரனடாவில் மூன்று நாள் தங்கல். அதில் ஒரு நாளில் அல்புஹாரா மலையூர்களான பம்பனேய்ரா, புபியோன், கப்பிலேய்ரா மூன்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். கார் ஓட்டத் தெரியாது. அம்மாவுக்கு 64 வயது, மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். படங்களில் எல்லா வீட்டுக்கும் மொட்டைமாடிதான் இருக்கிறது. பனி பெய்கிற மலையில் அது எப்படிச் சரிவரும்? இந்த ஊர்ப் பெயர்கள் ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்தவை என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். உண்மைதானா?

ம., கோவை

அன்புள்ள ம.,

கடைசியில் கேட்ட மொட்டைமாடியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பயணத் திட்டமே அதிலிருந்துதான் வரும்.

அந்த மாடிக்கு அங்கே ‘தெர்ராவ்’ என்று பெயர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். சுவருக்குச் சுவர் செஸ்ட்நட் மர உத்தரங்கள். அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள் அல்லது நாணல், அதன்மேல் பலகைக்கல், எல்லாவற்றுக்கும் மேல் ‘லௌனா’ என்கிற சாம்பல் நிறக் களிமண். அந்த மலையின் பலகைக்கல் சிதைந்து உண்டாகும் மண் அது. நனைந்தால் உப்பி, இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நீர் கீழே இறங்காது. தேய்பிறையில் பரப்பினால்தான் லௌனா ஒழுகாது என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. நிலவுக்கும் களிமண்ணுக்கும் என்ன சம்பந்தமோ!

பனி ஒரு பிரச்சினைதான், ஆனால் சமாளிக்கக்கூடியது. ஊர்கள் இருப்பது சியரா நெவாடாவின் தெற்குச் சரிவில். நல்ல வெயில் படுவதால் அந்த உயரத்தில் பனி மாதக்கணக்கில் கிடப்பதில்லை. அதிகம் விழுந்தால் மாடியேறி வாரித் தள்ளிவிடுவார்கள். லௌனாவுக்குத் தொல்லை வேறு இடங்களிலிருந்து வருகிறது. கோடையில் காய்ந்து வெடிப்பு விடும். அதனால் இலையுதிர் கால முதல் மழையில், களிமண் உப்பும்வரை சொட்டும். களைச்செடி வேர்விட்டால் அந்த வழியாகவும் ஒழுகும். அவ்வப்போது புதுமண் கொட்டி மிதிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆளில்லாமல் இன்று பல வீடுகளில் அடியில் நீர்த்தடுப்புத் தாள் விரித்து, லௌனாவை மேல்பூச்சாக மட்டும் வைத்திருக்கிறார்கள். சமதளமே இல்லாத சரிவில் மிளகாயும் அத்திப்பழமும் சோளமும் காயவைக்க இந்த மாடியை விட்டால் வேறு இடம் கிடையாது. வீட்டின் உள்ளமைப்பும் இதையொட்டியதுதான். உத்தரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். இடம் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு பெட்டியைச் சேர்ப்பார்கள். தெருவுக்கு மேலேயும் ஓர் அறை எழுப்பிவிடுவார்கள். அடியில் நிழலாக நிற்கும் அந்த நடைபாதைக்குப் பெயர் ‘தினாவ்’.

கீழேயிருந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. வெள்ளைச் சுவர்தான் தெரியும். அல்புஹாராவைப் பார்த்துவந்த பாதிப்பேர் வெள்ளைச் சுவரை மட்டும் படமெடுத்துத் திரும்புவதற்கு அதுதான் காரணம். மூன்று ஊர்களும் பொகேய்ரா பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பம்பனேய்ரா சுமார் 1,060 மீட்டர், புபியோன் 1,300, கப்பிலேய்ரா 1,430. கிரனடா பேருந்து நிலையத்திலிருந்து அல்சா நிறுவனப் பேருந்து லன்ஹரோன், ஓர்ஹிவா வழியாக வந்து, முதலில் பம்பனேய்ராவில் நிற்கும். பெரும்பாலோர் அங்கேயே இறங்கி, மேல்நோக்கி நடக்க ஆரம்பித்து, புபியோனில் மூச்சு வாங்கித் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். கப்பிலேய்ராவரை போய், அங்கிருந்து கீழே நடந்து வாருங்கள். இறங்கும்போது புபியோனின் சாம்பல் நிற மாடிகளும், தொப்பி போட்டதுபோல் உச்சியில் கல்வைத்த உருளைப் புகைபோக்கிகளும் உங்கள் காலடியில் விரியும். மொத்தம் 370 மீட்டர் இறக்கம். நிறுத்தி நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் புபியோனில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன உத்தரத்தையும் பலகைக்கல்லையும் அங்கே உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கலாம். மதியத்துக்கு முன் போய்விடுங்கள்.

அம்மாவை இந்த நடைக்கு அழைத்துப் போகக் கூடாது. மூட்டுவலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதிலும் கல்பாவிய படிகள். மூன்றில் அவருக்கு ஏற்றது பம்பனேய்ரா. பேருந்து நிற்கும் சாலைக்கு அருகிலேயே தேவாலயச் சதுக்கம், நீரூற்று, உட்கார இடம், கடைகள் எல்லாம் கிடைத்துவிடும். தெருக்களின் நடுவே வாய்க்கால் போட்டு நீர் ஓடுவதையும் அங்கே பார்க்கலாம். கப்பிலேய்ராவில் சாலை ஊரின் மேல்பக்கம் போகிறது. பழைய பகுதி முழுக்கச் சரிவில் கீழே. இறங்கியவர் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே அறை எடுத்தால் சாலையோரமாகப் பாருங்கள்.

அறை எடுக்கச் சொல்கிறேன் என்பது புரிந்திருக்கும். ஒரு நாளில் முடியும், ஆனால் சொதப்பும். போக இரண்டு இரண்டரை மணி நேரம், வர அதே. ஒரு நாளைக்கு ஓடும் பேருந்துகள் மிகக் குறைவு, கடைசி வண்டி மாலையிலேயே புறப்பட்டுவிடும். இரண்டு மணிக்கு மேல் கடைகளும் பூட்டிவிடும், ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும். கிரனடாவின் மூன்று நாளில் ஓர் இரவை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய விடுமுறை; அதை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. இரவில் குளிரும், கம்பளிச்சட்டை வேண்டும். ஓர்ஹிவா தாண்டியதும் வளைவுகள் தொடங்கும், அம்மாவை முன் இருக்கையில் உட்காரவையுங்கள்.

கலீசியாக் கதையை நம்ப வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1492இல் முஸ்லிம் அரசான கிரனடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு ‘மொரிஸ்கோ’ ஆனார்கள். 1567இல் அரபு மொழியும் உடையும் தடை செய்யப்பட்டன. 1568 கிறிஸ்துமஸை ஒட்டி அல்புஹாரா கிளர்ந்தெழுந்தது. 1571க்குள் அது நசுக்கப்பட்டது. மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமாக நடு ஸ்பெயினின் காஸ்தீலுக்கு ஓட்டிவிட்டு, வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அவர்களில் கலீசியர்களும் உண்டு. ‘-ஏய்ரா’ என்று முடியும் பெயர்கள் கலீசிய மொழியிலும் இருப்பதால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் கிளர்ச்சியைப் பற்றி அந்தக் காலத்தவரே எழுதிய வரலாற்றில், குடியேற்றத்துக்கு முன்பே பம்பனேய்ராவும் கப்பிலேய்ராவும் வந்துவிடுகின்றன. லத்தீன் வழி வந்த பழைய பேச்சுமொழியின் மிச்சம் அது; அரபு ஆட்சி முழுவதையும் தாண்டிப் பிழைத்திருக்கிறது.

துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீரைப் பாருங்கள். பாசன வாய்க்காலுக்கு ‘அசெக்கியா’, குளத்துக்கு ‘அல்பெர்க்கா’, இரண்டும் அரபுச் சொற்கள். பனி உருகும் வசந்த காலத்தில் உயரத்து வாய்க்கால்கள் சிலவற்றில் நீரை வேண்டுமென்றே மலைச்சரிவில் கசியவிடுவார்கள். அது மண்ணுக்குள் மெல்ல இறங்கி, கோடையில் கீழே ஊற்றாக வரும். ஆள் குறைந்து தூர்ந்துபோன வாய்க்கால்களைக் கிரனடா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் 2014 முதல் தன்னார்வலர்களுடன் தூர்வாரி மீட்டுவருகிறார்கள்.

சாப்பாடு. உள்ளூர்ப் பெருமையான ‘பிளாத்தோ அல்புஹாரேன்யோ’ என்பது உருளைக்கிழங்கு, முட்டை, பன்றி இறைச்சி, ரத்தத் தொத்திறைச்சி எல்லாம் கலந்த தட்டு. அம்மாவுக்குக் கேட்க வேண்டியது ‘பப்பாஸ் ஆ லோ போப்ரே’: வெங்காயம், குடைமிளகாயோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு. முட்டை வேண்டாமென்றால் ‘சின் உவேவோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதாம், பூண்டு, ரொட்டி அரைத்த குளிர்ந்த ‘அஹோ பிளாங்கோ’ கிடைத்தால் அதுவும் சரி. சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மேலே தூவிய பன்றித்தொடைத் துண்டுகளை அங்கே பலர் இறைச்சிக் கணக்கிலேயே வைப்பதில்லை, சாலட்டில் சூரை மீன் கேட்காமலே வரும். எனவே ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’, இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், சூரை வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முன் கிடைக்காது, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் கிடைக்காது. இடையில் பசித்தால் என்ன செய்வது என்பதற்கு, காலையிலேயே பம்பனேய்ராவில் ஒரு ரொட்டியும் கொஞ்சம் அத்திப்பழமும் வாங்கி அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள்.