பதில் சொல்லிப் பழகிய வாய்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் மேலாளர் ஆனேன். டீமில் எட்டுப் பேர். நாள் முழுக்க யாராவது ஒருவர் "என்ன பண்ணட்டும்?" என்று வந்து நிற்கிறார். சொல்கிறேன், செய்கிறார். மறுநாள் இன்னொன்றோடு வருகிறார். என் வேலையைத் தொடவே சாயங்காலம் ஆகிவிடுகிறது. 'அறிவுரை சொல்லாதே, கோச்சிங் செய்' என்கிறார்கள். பதில் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நடிக்க வேண்டாம். எதிரில் நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கோச்சிங் என்பது பதிலை நாமே சொல்லாமல், கேள்வி கேட்டு அவரையே யோசிக்க வைப்பது. "இதை மெயிலில் போட்டால் என்ன?" என்று கேட்டால் அது கேள்விக்குறி போட்ட அறிவுரைதான். "இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் உங்களிடம் கிடையாது, அவரிடம்தான் இருக்கிறது. நடிக்கத் தேவையே வராது.

இது எனக்குப் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. டீமில் ஒரு பெண், பாதி மூடிய லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். "கிளையன்ட் மூணாவது தடவையா தேதியை மாத்தச் சொல்றாங்க சார், என்ன பண்ணட்டும்?" முதல் இரண்டு தடவையும் மளமளவென்று யோசனை சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றைக்கு மட்டும், "இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் லேப்டாப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "போன தடவை நான் முடியாதுன்னு சொன்னேன். நீங்க அவங்க முன்னாடியே முடியும்னு சொல்லிட்டீங்க. இப்ப நான் சொன்னா யார் கேப்பாங்க?"

நான் அதுவரை சொன்ன யோசனை ஒன்றுகூட அந்தப் பிரச்சினையைத் தொடவே இல்லை. அந்தக் கிளையன்டிடம் அடுத்த தடவை அவரே பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வியை விடக் கஷ்டமானது, கேட்டபின் காத்திருப்பது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு நொடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை. அதையே 3 நொடியாக்கியதும் மாணவர்களின் பதில் நீண்டது, பேசாதவர்களும் பேசினார்கள். 3 நொடிதான். ஆனால் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அலுவலகக் கோச்சிங்கின் ஒரு முக்கிய வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், 'மட்டையை இப்படிப் பிடி, கையை அப்படித் திருப்பு' என்பதைக் குறைத்துக்கொண்டார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், இரண்டையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கவனம் பந்தில் நின்றதும் கை தானே சரியானது. கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்தச் சிந்தனையை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனார். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்வீர்கள் என்று அவர் பரப்பிய கேள்வி வரிசையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நான் இரண்டாவதில்தான் அதிக நேரம் நிற்பேன். நிலைமையை முழுதாகச் சொல்லி முடிக்கும்போதே பாதிப் பேருக்கு வழி தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. சர்வர் விழுந்து கிடக்கும்போது "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பது கொடுமை. நேற்று சேர்ந்தவரிடம், விடுப்புக்கு எந்தப் படிவம் என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வதும் அப்படித்தான். தெரியாத தகவலைச் சொல்லிக் கொடுங்கள். யோசித்தால் வரக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

எட்டுப் பேரிடமும் ஒரேயடியாக மாறாதீர்கள், பயந்துவிடுவார்கள். விவரம் தெரிந்தும் கேட்டுக்கொண்டே வரும் ஒருவரோடு தொடங்குங்கள். "இனி கொஞ்சம் உங்களை யோசிக்க வைக்கப் போகிறேன், கைவிட மாட்டேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் சொல்லும் வழி உங்கள் வழியாக இருக்காது, சில சமயம் சுற்று வழியாகக்கூட இருக்கும். வேலை கெடாது என்றால் அவர் போக்கிலேயே விடுங்கள். எப்போது முடிப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் நீங்களே அவர் இருக்கைக்குப் போய், "எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள்.