ஆடிஷனுக்கு எந்தக் கொண்டை?

அன்புள்ள சார்,

திருச்சியில் ஒரு நாடகக்குழுவில் நடிக்கிறேன். வயது 29. அடுத்த வாரம் சென்னையில் ஒரு வெப் சீரிஸுக்கு ஆடிஷன். ஒரே நாளில் இரண்டு வேடங்களுக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று அரசு மருத்துவமனை நர்ஸ், இன்னொன்று பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா. குழுவில் இருக்கும் அண்ணன், "மேக்கப்பே வேண்டாம், அவர்களுக்கு உன் முகம்தான் வேண்டும்" என்கிறார். தோழியோ, "நர்ஸ் யூனிஃபார்ம் வாடகைக்கு எடு, அம்மாவுக்கு நெற்றியோரம் நரை போடு, முகத்தையும் கொஞ்சம் டல்லாக்கு. ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவே அப்படித்தான் வாய்ப்பு வாங்கினார்" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

வி.

அன்புள்ள வி.,

அண்ணன் பக்கம்தான் சாய்வேன், ஆனால் பாதி தூரம் வரைதான். மேக்கப் போடாமல் போனாலும் தலை வாரிக்கொண்டுதானே போவீர்கள்? நம் ஊரில் வகிடு, எண்ணெய், பொட்டு, பூ என்று எல்லாமே ஆளைப் பற்றி ஏதோ சொல்லிவிடும். வசனம் எழுதுகிறவன் என்ற முறையில் சில ஆடிஷன்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வருபவர் வாயைத் திறப்பதற்குள் வயது, வசதி, கல்யாணம் ஆனவரா, எந்தப் பக்கத்து ஆள் என்று அறையில் உள்ளவர்கள் ஒரு கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக விழுந்தால் போதும்.

பிராண்டோ கதை உண்மைதான். 1972இல் வந்த 'காட்ஃபாதர்' படத்துக்கு அவரைப் போட ஸ்டுடியோவுக்கு மனமில்லை. இயக்குநர் கொப்போலா கேமராவோடு அவர் வீட்டுக்கே போனார். அப்போது 50 வயதுகூட ஆகாத பிராண்டோ, முடியைப் பின்னுக்கு வாரி ஷூ பாலிஷ் தடவினார், டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார். கிழட்டு டான் வந்துவிட்டார். ஆனால் படப்பிடிப்பில் அந்த டிஷ்யூ இல்லை. தாடையைப் புடைத்துக் காட்ட, பல்லில் மாட்டும் ஒரு கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். வயதைக் கூட்டும் மேக்கப் டிக் ஸ்மித்தின் வேலை. அதாவது வீட்டில் நடந்தது வெறும் கோடி காட்டல். உங்கள் தோழி சொல்வது முழு வேஷம்.

யூனிஃபார்ம் வேண்டாம். அது காஸ்ட்யூமர் வேலை. நிறமோ காலரோ தப்பாக இருந்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே ஓடும். வெளிர் நிறத்தில் ஒரு காட்டன் சுடிதார், அவ்வளவுதான். தலையில்தான் விஷயம் இருக்கிறது. முகத்தில் ஒரு முடிகூட விழாத இறுக்கமான கொண்டை, ஒட்ட வெட்டிய நகம், நெயில் பாலிஷ் இல்லை, வளையல் இல்லை, கையில் வாட்ச், சின்ன ஸ்டிக்கர் பொட்டு. கொடுத்த காட்சி நைட் டூட்டி முடியும் நேரம் என்றால், அந்தக் கொண்டை முந்தின நாள் சாயங்காலம் போட்டது. காதோரம் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

இந்தத் தலையை யார், எப்போது, எவ்வளவு அவசரத்தில் வாரினார்கள்? எந்த வேடத்துக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அம்மாவுக்கு வருவோம். நரை எதற்கு? பத்தாவது படிக்கிற பையனுக்கு 15 வயது. 20இல் கல்யாணம், 21இல் பிள்ளை என்றால் அவளுக்கு 36. உங்களைவிட ஏழு வயதுதான் மூத்தவள். பவுடரில் போட்ட நரை கேமராவில் மாவு மில்லிலிருந்து வந்ததுபோல இருக்கும். காலையில் பையனுக்கு டிபன் கட்டிவிட்டு, அவசரமாகக் குளித்து, ஈரத் தலையை நுனி முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் அவள். நடு வகிடு எடுங்கள். எண்ணெய் கொஞ்சம். வகிட்டில் குங்குமம் வைப்பதா என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். பாத்திரம் எந்த ஊர், எந்த மதம் என்று கோ-டைரக்டரிடம் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முகத்தை டல்லாக்கும் யோசனையைத் தூக்கிப் போடுங்கள். ஏழை என்றால் கறுப்பு பூசு என்பது நம் சினிமாவின் அசிங்கமான பழக்கம். சிவந்த நடிகைக்கு மை அப்பிக் கிராமத்துப் பெண் ஆக்குவார்கள், நிஜமான கறுத்த பெண் வாய்ப்பில்லாமல் வெளியே நிற்பாள். அதை நீங்களே வீட்டிலிருந்து பூசிக்கொண்டு போக வேண்டுமா? போதாததற்குக் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று தெரியும்.

பார்லருக்கும் போகாதீர்கள். ஆடிஷனுக்கு முந்தின நாள் புருவத்தைத் திரெட்டிங் செய்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. வில் மாதிரி வளைந்த புருவத்தோடு வந்தால், அந்த அம்மாவுக்கு மாதாமாதம் பார்லர் போக நேரமும் காசும் இருக்கிறது என்று ஆகிவிடும். முடி திரும்ப வளர வாரங்கள் ஆகும். (ஆண்களுக்கு இதுவே தாடி. போலீஸ் வேடத்துக்கு ஷேவ் செய்துவிட்டு வந்து, பக்கத்து அறையில் ரவுடி வேடத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தால் என்ன செய்வது?)

பெரும்பாலும் மார்பளவுக்குத்தான் எடுப்பார்கள், விளக்கு தலைக்கு மேலே இருக்கும். கண்ணுக்குக் கீழே தானாகவே நிழல் விழும் என்பதால் கீழ் இமைக்கு மை வேண்டாம். நெற்றிப் பளபளப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது செல்போனின் பின் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். முன் கேமரா பல போன்களில் தோலைத் தானாகவே வழுவழுப்பாக்கிக் காட்டும்.

கடைசியாக, வரிசை. எண்ணெய் தடவிய தலையைப் பத்து நிமிடத்தில் உலர்ந்த தலையாக்க முடியாது. அதனால் நர்ஸ் முதலில், அம்மா பிறகு என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அம்மாவுக்கு எண்ணெயை விட்டுவிட்டுத் தண்ணீர் தொட்டு வாருங்கள். பொட்டை மாற்றும்போது பழைய பசை நெற்றியில் தங்கும், பையில் கொஞ்சம் பஞ்சும் தேங்காய் எண்ணெயும் இருக்கட்டும்.