‘ஏனென்றால்’ இல்லாத இடத்தில் காரணத்தைத் தேடுவது

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு வாசிப்புப் பாடம் எடுக்கிறேன். பத்தியில் ‘ஏனென்றால்’, ‘அதனால்’ இருந்தால் பிள்ளைகள் காரணத்தையும் விளைவையும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் முந்தைய வரியை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இதைக் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நடந்ததுதான் காரணம் என்று பிள்ளைகள் உண்மையாகவே நம்புகிறார்கள். போதாக்குறைக்கு, தமிழில் வினையெச்சம் (‘எடுத்துக்கொண்டு’, ‘வழுக்கி’ போல, இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் சொல்) வரிசையைக் காட்டுவது, காரணத்தைக் காட்டுவது என்று இரண்டு வேலையும் பார்க்கிறது. இந்த இரண்டு வரிகளையும் பலகையில் எழுதுங்கள்:

கவிதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.
கவிதா கால் வழுக்கி விழுந்தாள்.

பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ‘பையை எடுக்காமல் இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டாளா?’ என்று கேளுங்கள். கிளம்பியிருப்பாள் என்பார்கள். ‘சரி, கால் வழுக்காமல் இருந்திருந்தால்?’ விழுந்திருக்க மாட்டாள். முதல் வரியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, இரண்டாவதில் ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். ‘அது நடக்காமல் இருந்திருந்தால்?’ என்ற இந்த ஒரு கேள்வியைத் தினமும் இரண்டு மூன்று வாக்கியங்களில் கேட்டுப் பழக்குங்கள். இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லாத வரிகளுக்குப் போகலாம். ‘ராணி கட்டிய மணல் வீடு இடிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பந்து கிடந்தது.’ விளைவு முதலில் வந்துவிட்டது, காரணம் எழுதப்படவே இல்லை. பந்து பட்டு இடிந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். ஒரு பிள்ளை ‘காற்று அடித்திருக்கும்’ என்றால் உடனே தவறு என்று சொல்ல வேண்டாம். ‘எந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்கிறாய்? விரல் வைத்துக் காட்டு’ என்று மட்டும் கேளுங்கள். காற்று என்ற சொல்லே அங்கு இல்லை என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். ஊகிப்பதற்கும் பத்தியில் பிடிமானம் வேண்டும் என்பது இப்படித்தான் மனதில் பதியும்.

இணைப்புச் சொற்களைக் கடைசியில் கொண்டுவாருங்கள். கண்டுபிடித்த காரணத்தையும் விளைவையும் ‘அதனால்’ போட்டுப் பிள்ளைகளே சேர்த்துச் சொல்லட்டும். பிறகு வரிசையை மாற்றி ‘ஏனென்றால்’ போட்டுச் சொல்லட்டும். ‘விழுந்தாள், அதனால் கால் வழுக்கியது’ என்று நீங்கள் வேண்டுமென்றே தலைகீழாகச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரித்துக்கொண்டு திருத்தும்.

காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புக்குறி போட்டுப் படம் வரைவதானால், ஒரு விளைவுக்கு ஒரே ஒரு காரணக் கட்டத்தை வரைந்து கொடுக்காதீர்கள். இன்னொரு காரணம் தோன்றினால் எழுத இடம் விட்டு வையுங்கள்.