படம் அவர்களுக்கு, உரிமை யாருக்கு?

அன்புள்ள ஐயா,

ஏழு வருடங்களாகப் புத்தக அட்டைகளும் சிறுவர் கதைகளுக்குப் படங்களும் வரைகிறேன். ஒரு பதிப்பகத்திலிருந்து மாதம் எட்டு அட்டைகள் வரும். இப்போது இரண்டுதான். மீதியைக் கணினியே செய்துவிடுகிறது என்கிறார்கள். தொகையையும் பாதியாக்கச் சொல்கிறார்கள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் காலத்தைப் போலப் பத்திரிகைகளும் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனர் வேலை இருக்கிறது. போய்விடலாமா?

சு., விருதுநகர்

அன்புள்ள சு.,

போகலாம். அதில் ஒரு குறைவும் இல்லை. பத்திரிகை ஓவியத்தின் உச்சத்தில் இருந்தவர் கோபுலு. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது அவர் வரைந்த முகங்களைத்தான் வாசகர்கள் மோகனாவாகவும் சண்முகசுந்தரமாகவும் மனத்தில் வைத்திருந்தார்கள். அவரே 1963இல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972இல் சொந்தமாக ‘ஆட் வேவ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகினார். அவரை யாரும் ஓவியர் இல்லை என்று சொல்லிவிடவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறு. எட்டு அட்டைகளும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன. அந்த ஏழு வருடப் படங்களின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

2008இல் முறத்தில் தானியம் புடைக்கும் ஒரு கிழவியை அட்டைக்கு வரைந்தேன். 1,500 ரூபாய். மூன்று வருடம் கழித்து, ஒரு மளிகைக்கடையில் அதே கிழவி தினக்காட்டியில் தொங்கிக்கொண்டிருந்தாள். பதிப்பாளரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. என் பில்லை எடுத்து மேசையில் வைத்தார். ‘அட்டை ஓவியம், 1, ரூ.1,500’. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன்.

படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதுதான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. ஆனால் 17ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே உரிமையாளர். அதனால் பேச்சு வேலையைத் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். உரிமை நம்மிடம் இருக்கும்போது 19ஆம் பிரிவு நமக்கு உதவுகிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தாக வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான்.

இப்போது நான் அனுப்பும் தாளில் ஒரே வரி: ‘இந்நூலின் தமிழ் அச்சுப் பதிப்பின் அட்டைக்கு மட்டும், 3 ஆண்டுகளுக்கு, பதிப்புரிமை ஓவியரிடம்.’ இருவரும் கையெழுத்திடுகிறோம். பாதித் தொகை முன்பணம், இரண்டு திருத்தங்கள். இதைக் கேட்டு விலகிப் போனவர்கள் உண்டு. ஆனால் அந்த வரி இருந்ததால்தான் ஒரு நாவல் மலையாளத்துக்குப் போனபோது, ஒரு கோடுகூடப் புதிதாகப் போடாமல் அதே அட்டைக்கு மறுபடி பணம் வந்தது. சென்ற ஆண்டு என் வருமானத்தில் கால் பங்கு பழைய படங்கள் தந்தது. வேலை இல்லாத மாதங்களில் அரிசி வாங்கியது அந்தப் பணம்தான்.

பில் பாக்கிக்கும் ஒரு வழி உண்டு. சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். பதிந்துகொண்டால் 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும்.

கணினி பற்றி. போன வருடம் கரிசல் நாவல் ஒன்றுக்கு இயந்திரம் செய்த அட்டையைப் பார்த்தேன். கமலை இறைக்கும் காட்சி, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைப்பது. வெளிச்சம் அற்புதமாக விழுந்திருந்தது. ஆனால் மாடுகள் கிணற்றைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. கமலை மாடு கிணற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்கும்; நீர் மொள்ளும் சால் மேலேறச் சரிவில் முன்னால் இறங்கும், சால் உள்ளே போகப் பின்னோக்கியே நடந்து வரும். உங்கள் ஊரில் வயதான விவசாயி எவரும் பார்த்த நொடியில் சொல்லிவிடுவார். நாவலாசிரியர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வேலை எனக்கு வந்தது.

எல்லாப் பதிப்பாளரும் இப்படிக் கவனிப்பார்கள் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கவனிக்காதவரிடம் பாதித் தொகைக்கு இறங்கிப் போகாதீர்கள். அந்த விலையில் இயந்திரத்தோடு யாராலும் ஓட முடியாது. கவனிக்கிறவர்களைத் தேடுங்கள்: எழுத்தாளர்கள், சிறுவர் நூல் பதிப்பாளர்கள், அருங்காட்சியகங்கள், விளம்பரப் படத்தின் காட்சிகளை முன்கூட்டியே வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு கேட்பவர்கள். எந்த ஒருவரும் உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

திருப்பூர் வேலையை ஏற்றால், நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், வேலை நேரத்துக்கு வெளியே வரைபவை உங்களுடையவை என்று எழுதி வாங்குங்கள். வேலையின் பகுதியாக வரைவது நிறுவனத்துக்கே போகும்.

இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்து, ஏழு வருடத்து அட்டைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். மூலப்படம் யாரிடம், கையெழுத்திட்ட தாள் உண்டா, ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டனவா. மனைவியையும் உடன் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.